தறியும் ஏரும் ஓய்ந்த பின்

அரசாங்க அலுவலில் இருப்பவருக்குத் தாம் ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். நம் மாநிலத்தில் 58 வயது என்றிருந்த அந்த எல்லை 2020-ஆம் ஆண்டில் 59 ஆகவும், 2021-ஆம் ஆண்டில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. குறித்த நாளில் மாலை அணிவிக்கின்றனர், சால்வை போர்த்துகின்றனர், நாலு பேர் பாராட்டிப் பேசுகின்றனர். மறுநாள் காலையில் அவர் அலுவலகம் செல்ல வேண்டுவதில்லை. அந்த நாளை மனத்தில் வைத்தே அவர் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து எண்ணமிடுகின்றார். வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், காசிக்கோ இராமேசுவரத்துக்கோ போய்வர வேண்டும், விட்டுப்போன வீணையை மீண்டும் கையில் எடுக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போடுகின்றார்.

நெசவாளருக்கும் உழவருக்கும் அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. நெசவாளருக்கு அச்செய்தியை முதலில் சொல்வது முழங்கால். குழித்தறியில் இறங்கி ஏறுவது நாளுக்கு நாள் கடினமாகின்றது. அடுத்து, அறுந்த இழையைத் தேடி முடியக் கண் தடுமாறுகின்றது. பத்து நாளில் இறக்கிய சேலைக்குப் பதினைந்து நாள் ஆகின்றது. ஒரு நாள் மகன் தறியில் அமர்கின்றான். அல்லது தறியைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றி விடுகின்றார்கள். உழவர் வீட்டிலோ, மோட்டார்க் கொட்டகையின் சாவி தந்தையின் இடுப்பிலிருந்து மகன் இடுப்புக்கு மாறி விடுகின்றது. அதுதான் ஓய்வு உத்தரவு. அதற்கு மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை.

நாள் குறிக்கப்படாத காரணத்தால் நம் அங்கத்தினர்கள் அதைப்பற்றி எண்ணுவதும் இல்லை. "கை ஓடுகிற வரையில் ஓடட்டும், பிறகு கடவுள் விட்ட வழி" என்பதே பெரும்பாலோரின் பதில். ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். கை ஓய்ந்த பிறகும் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டும் வாழ்வு இருக்கின்றது. அந்த ஆண்டுகளில் பொழுதை என்ன செய்வது என்ற வினா நம் சங்கங்களில் எழுப்பப்பட வேண்டிய வினா என்பது நமது கருத்து.

ஆய்வுப் பணியின் பொருட்டு ஊர் ஊராய்ச் செல்லும்போது இரண்டு வகை முதியவர்களை நாம் காண்கின்றோம். ஒரு வகையினர் விடிந்ததும் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, வெயில் ஏறியதும் திண்ணைக்கு மாறி, மாலையில் மீண்டும் பலகைக்கு வருகின்றனர். இடையில் வீட்டுக்குள் நுழைந்தால், மகன் நெய்யும் தறியருகே நின்று, மிதி சரியில்லை, ஊடை தளர்கின்றது என்று குறை கூறுகின்றனர். மகன் முதலில் பொறுத்துக்கொள்கின்றான். பிறகு எதிர்ச்சொல் சொல்கின்றான். நாளடைவில் வீட்டில் தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற மனத்தாங்கல் வளர்கின்றது. சிலர் காசு வைத்துச் சீட்டாடவும் மதுவைத் தேடவும் தொடங்கி, வாழ்நாள் முழுதும் காத்த பெயரைக் கடைசி ஐந்து ஆண்டுகளில் இழக்கின்றனர்.

மற்றொரு வகையினர் சிலரே. வாசலில் மல்லிகைப் பந்தல் போட்டுக் காலையில் பூப்பறித்துக் கோயிலுக்குக் கொடுப்பவர், பஜனை மடத்தில் தாளம் பிடிப்பவர், தெருப்பிள்ளைகளைச் சேர்த்துக் கதை சொல்பவர் ஆகியோர் இவ்வகையினர். இவர்களிடம் பேசிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகின்றது. இவர்கள் மற்றவரைவிடச் செல்வர் அல்லர். உடல்நலத்திலும் வேறுபாடு மிகுதியில்லை. ஆனால் கை ஓய்வதற்கு வெகு முன்னரே இவர்கள் அந்தப் பழக்கத்தைத் தொடங்கியிருக்கின்றனர். தாளம் பிடிப்பவர் இருபது வயதிலேயே மார்கழி பஜனையில் நின்றவர். மல்லிகைக்காரர் தறி ஓடிய காலத்திலேயே இரண்டு செடி வைத்திருந்தவர். வேலை நின்ற அன்று அவர்கள் கைக்கு மற்றொன்று ஆயத்தமாய் இருந்தது.

இதனை நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாவு தீரும்போது அதனை முழுதும் அறுத்தெறிந்துவிட்டுப் புதுப் பாவு பூட்டுவோமா? பழைய பாவின் முனை அச்சிலும் விழுதிலும் நிற்கும்போதே, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு பிணைக்கின்றோம். பழைய முனை கையை விட்டுப் போய்விட்டால், ஒவ்வோர் இழையையும் மீண்டும் விழுதில் கோத்து அச்சில் இழுக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் வீணாகும் என்பது தறிக்காரர் அறிந்ததே. உழவரும் வயல் ஒழிந்த பிறகு நாற்றங்கால் விடுவதில்லை. ஓய்வுக்கால உவப்பும் அத்தகையதே. ஐம்பது வயதில், இன்னும் கண் தெரியும்போது, இன்னும் நாலு பேர் நம்மைத் தேடி வரும்போது, பிணைக்கத் தொடங்க வேண்டும்.

"முதலில் வயிற்றுக்கு வழி சொல்லுங்கள், பொழுதுபோக்கைப் பிறகு பேசலாம்" என்று சிலர் கூறக்கூடும். அது முற்றிலும் நியாயமான சொல். கையில் காசில்லாத ஓய்வு, ஓய்வு ஆகாது, அது வேலையின்மையே. ஆனால் இங்கும் அதே விதி நிற்பதைக் காணலாம். நம் மாநிலக் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம், கூலியில் ரூபாய்க்கு 8 பைசா அங்கத்தினர் செலுத்த, 4 பைசா அரசு சேர்க்கும் முறையில் அமைந்தது. சங்கத்தின் மூலம் ஒழுங்காக நெய்து கூலி பெற்றவருக்கே இது வளரும். வெளியாருக்கு நெய்து கைக்காசாக வாங்கியவருக்கு வளராது. 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டமும், சிறு, குறு விவசாயிகளுக்காக 2019-இல் வந்த பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டமும் 18 வயது முதல் 40 வயது வரை உள்ளோரையே சேர்ப்பதாக வகுக்கப்பட்டவை. பின்னதில் 60 வயது நிறைந்தபின் மாதம் 3,000 ரூபாய் என்பது ஏற்பாடு. நாற்பத்தோராம் வயதில் விழித்துக் கொண்டவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டு விடுகின்றது. பணத்தை நாற்பதுக்குள் விதைக்க வேண்டும். மனத்துக்கு வேண்டியதை ஐம்பதுக்குள் விதைக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

"உழைப்பாளிக்கு இதெல்லாம் எதற்கு? இது பென்ஷன்காரர் பேச்சு" என்று கூறுவோரும் உளர். இவர்களுக்கு நம் இயக்கத்தின் வரலாறே விடை பகர்கின்றது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்த முன்னோடிகளில் பலர் கம்பளித்துணி நெய்தவர்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் தொடங்கிய அந்த ஏழைகள், சில ஆண்டுகளுக்குள் கடைக்கு மேல் ஒரு படிப்பறையை அமைத்தனர். 1850-களில், ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்றே ஒதுக்குவது அவர்கள் விதியாயிற்று. அங்கத்தினர்க்கு நூல்கள் மட்டுமன்றி, நுண்ணோக்கியும் தொலைநோக்கியும்கூட இரவல் கொடுத்து வந்தனர். கலப்படமில்லாத மாவு வேண்டும் என்று கேட்ட அதே மனிதர், இரவில் வானத்து விண்மீனையும் பார்க்க விரும்பினார். இரண்டையும் தர வேண்டியது சங்கத்தின் கடமை என்று அவர்கள் கருதினர்.

அதே நாட்டில் மாஞ்செஸ்டருக்கு அருகே பிரெஸ்ட்விச் என்னும் ஊரில் ஜான் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் கைத்தறி நெசவாளர் வாழ்ந்தார். அவர் காலம் 1792 முதல் 1854 வரை. நெசவுக் கூலியை நம்பி வாழ்ந்த அவருக்குச் செடிகொடிகளை இனம் பிரித்தறிவதில் பெருவிருப்பம். படிக்கத் தனி நேரம் ஏது? செடிகளின் 24 வகுப்புப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதித் தம் தறிக்காலில் பொருத்தி வைத்தார். நாடா ஓடும்போது கண் அங்கே சென்று வரும். இவ்வாறு பயின்றவர் பின்னர்த் தம் ஊர்த் தாவரவியல் சங்கத்தின் தலைவராக விளங்கினார். அவர் வளர்த்தெடுத்த ஒரு நார்சிசஸ் பூ வகை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகர நெசவாளர்களோ, 'பிங்க்' என்னும் சிறு பூச்செடியில் இதழோரம் கரை கட்டினாற்போல் நிறம் விழும் வகைகளை வளர்த்துப் பெயர் பெற்றனர். சேலைக்குக் கரை போடும் கண்ணுக்கு அந்தப் பூவின் கரையும் புலப்பட்டதில் வியப்பில்லை. இவர்கள் ஓய்வு வரட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் உழைப்பவரைத் தேடி அறிவு சென்ற வரலாறு உண்டு. 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஒன்றில் நூல்களை அடுக்கி ஊர் ஊராய் ஓட்டிச் சென்றனர். நடமாடும் நூலகம் என்று பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளில் நாம் கண்டதற்கு அது முன்னோடி. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டத்துக்கு அதுவே முதல். ஆகவே "இது நமக்குப் பழக்கமில்லை" என்று சொல்ல இடமில்லை.

இனி, என்னென்ன செய்யலாம் என்பதைச் சிறிது பார்ப்போம்.

உழவர்க்கு நாம் முதலில் கூறுவது விதை. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவைப் பலர் அறிவர். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறையும்போது நூற்றெழுபதுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகள் மீட்கப்பட்டிருந்தன. அவர் வகுத்த முறை மிக எளிது: இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இதைவிடச் சிறந்த கூட்டுறவுப் பாடம் வேறு எது? ஏர் பிடிக்கும் வலு குறைந்த உழவருக்கு இது ஏற்ற தொழில். நாலு பாத்தி போதும். ஒன்றில் மாப்பிள்ளைச் சம்பா, ஒன்றில் கருப்புக் கவுனி, வரப்பில் ஊர் அவரை, வேலியில் பழைய சுரை என்று வைத்து, பூக்கும் நாளையும் முற்றும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். மகன் வீரிய ரகத்தை விளைவித்துச் சந்தைக்கு அனுப்பட்டும். தந்தை விதையைக் காக்கட்டும். இருவருக்கும் இடையே வாதம் எழ இடமில்லை.

அடுத்தது மழைக் கணக்கு. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஏனம் ஒன்றையும் மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோல் ஒன்றையும் தவிர இதற்கு வேறு கருவி வேண்டாம். மரமும் கூரையும் மறைக்காத திறந்த வெளியில் ஏனத்தை வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்குத் தேங்கிய நீரை அளந்து எழுத வேண்டும். வானிலைத் துறையினர் மழையைக் கணக்கிடுவதும் அந்த நேரத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர் என்று அறியும்போது, வானத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். பத்து ஆண்டு தொடர்ந்து எழுதிய குறிப்பேடு ஊருக்கே சொத்து. எந்தப் பட்டத்தில் விதைப்பது என்று ஊரார் அம்முதியவரிடம் கேட்டு வருவர்.

நெசவாளருக்கு நாம் கூறுவது தோட்டமும் குறிப்பேடும். நாள் முழுதும் நிழலில், குழியில் அமர்ந்து உழைத்த உடலுக்கு, இளவெயிலும் மண்ணும் நல்ல மாற்றம். கொல்லை இல்லாத தெருவிலும் மாடி உண்டு, சாக்கு உண்டு, ஆடிப்பட்டத்தில் அவரையும் புடலையும் போட்டால் தையில் வீட்டுக்குக் காய் உண்டு. குறிப்பேடு என்பது வேறு. நம் சங்கங்களில் முதிய நெசவாளர் பலர் நினைவில் இன்று எவரும் போடாத கரைகளும் உடல் கட்டங்களும் இருக்கின்றன. மூன்று நாடாக் கோர்வையில் எந்த இடத்தில் எப்படிக் கைமாற்றுவது, எந்தச் சாயத்துக்கு எந்தப் பதம் என்பவை அவர்களோடு போய்விடுகின்றன. கட்டம் போட்ட தாளில் அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து, எந்த ஆண்டு, யாருக்கு நெய்தது, என்ன பெயர் என்று எழுதி வைக்கலாம். எழுதத் தெரியாதவருக்குப் பேரன் எழுதித் தரலாம். கைப்பேசியில் பேச்சாகவே பதிந்தும் வைக்கலாம். இதற்கு நாள் கெடு கூடாது. தரம் பார்த்துக் கூலி வெட்டுவதும் கூடாது. மனம் வந்தபோது வரைவதில்தான் இதன் இன்பம் இருக்கின்றது.

ஆட்டங்களையும் நாம் இழிவாக எண்ண வேண்டுவதில்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளி: இவ்வளவுதான் ஆடுபுலி ஆட்டம். கரித்துண்டால் திண்ணையில் கோடு கிழித்தால் போதும். ஆடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நின்றால் புலி அடைபடும் என்ற உண்மையை அதில் விளையாடியே கற்கலாம்; கூட்டுறவுக் கூட்டங்களில் நாம் ஒரு மணி நேரம் பேசுவதும் அதைத்தானே! காசு வைக்காத வரையில் எந்த ஆட்டமும் நல்ல ஆட்டமே. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், தெருக்கூத்தும், பஜனையும் நெசவாளர் தெருக்களிலும் உழவர் ஊர்களிலும் நெடுநாள் வழங்கி வருபவை. தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தபின் கேட்பவர் குறைந்திருக்கலாம். ஆயினும் ஒரு தெருவில் பத்து முதியவர் கூடி முறைவைத்து உரக்கப் படித்தால் கேட்க இருபது பேர் வருவதை நாம் கண்டிருக்கின்றோம். செய்தித்தாளாயினும், கல்கியின் கதையாயினும், கம்பனாயினும், உரக்கப் படிப்பதில் கண் தெரியாதவருக்கும் பங்கு உண்டு.

கண்ணைப்பற்றி ஒரு சொல். வாசிப்பும் தோட்டமும் ஆட்டமும் கண்ணைச் சார்ந்தவை. கண்புரை முதுமையின் விதி என்று எண்ணித் திண்ணையில் ஒடுங்குவோர் இன்னும் உளர். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் ஊர்ப்புறங்களில் முகாம் நடத்திப் புரை நீக்கி வருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கண் முகாம் ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் நடத்துவது, நூறு நூல்களை வாங்கி வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம்.

இதுவரை சொன்னவற்றில் ஆண்களையே மனத்தில் கொண்டு பேசினோம் என்று நம் சகோதரிகள் குறை கூறினால், அது நியாயமே. 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் ஈடுபட்ட 35 லட்சத்துக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு எழுபதுக்குமேல் பெண்கள். தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும், பலர் தறியில் அமர்ந்து நெய்வதும் அவர்களே. வயலில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர்களே. ஆனால் கணவர் ஓய்வடைந்தால் மனைவிக்கும் ஓய்வு கிடைக்கின்றதா? கிடைப்பதில்லை. முன்பு இரண்டு வேளை காப்பி வைத்தவர் இப்போது நான்கு வேளை வைக்கின்றார். பேரப்பிள்ளைகளின் பொறுப்பும் அவர் தலையில் ஏறுகின்றது. ஓய்வு என்பது ஒருவருடைய வேலையை மற்றொருவர் மேல் சுமத்துவதாக இருத்தல் ஆகாது. ஆடவர் ஓய்வுக்காலத்தில் பழக வேண்டிய முதல் கலை, தம் காப்பியைத் தாமே போட்டுக்கொள்வது என்று நாம் கூறினால் சிரிக்க வேண்டா. அதனால் வீட்டம்மாவுக்குக் கிடைக்கும் அரை மணி நேரமே அவருடைய ஓய்வின் தொடக்கம்.

அந்த அரை மணியை அவர் என்ன செய்வார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். பல்லாங்குழி ஆடலாம், விட்டுப்போன படிப்பைத் தொடரலாம், கோயிலுக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமல் காலை நீட்டி அமர்ந்திருக்கலாம். வேலையை விடுவதுதான் ஓய்வு என்பதும் இல்லை. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைக் கடந்த பிறகும் தம் நிலத்தில் இயற்கை வேளாண்மை செய்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2024-இல் அவர் மறைந்தார். அவர் வயலுக்குச் சென்றது விருப்பத்தினால். விருப்பத்தினால் செல்பவருக்கும் கூலிக்கு வேறு வழியின்றிச் செல்பவருக்கும் உள்ள வேறுபாடே நாம் இங்கு வற்புறுத்துவது. அந்த விருப்பத்துக்கு இடம் உண்டாக்குவது குடும்பத்தின் கடமை. சங்கத்தின் கடமையும் ஆகும்.

சங்கம் என்ன செய்யக்கூடும்? பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. ஓர் அறை வேண்டும். சாய்ந்து அமரத்தக்க பத்து நாற்காலிகள் வேண்டும். முழங்கால் நோவு உள்ளவரைத் தரையில் பாய் விரித்து அமரச் சொல்லல் ஆகாது. நல்ல விளக்கு, இரண்டு நாளிதழ், ஓர் அலமாரி நூல், ஒரு ஆர்மோனியம் அல்லது ஒரு சோடித் தாளம், குடிநீர், கழிப்பிடம். இவ்வளவே. மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை பெண்களுக்கு, அதன்பின் எல்லோருக்கும் என்று நேரம் வகுக்கலாம். சாவி ஊழியரிடம் இருத்தல் கூடாது. அலுவல் நேரம் முடிந்ததும் அறை பூட்டப்படும். ஓய்வடைந்த அங்கத்தினர் ஒருவரிடம் சாவி இருக்கட்டும்.

பணத்துக்கு வழி என்ன என்று நிர்வாகக் குழுவினர் கேட்பர். 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்குச் செலுத்தியபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் அறச் செயல்களுக்கு வழங்கப் பதிவாளர் அனுமதியோடு இடமளித்திருந்தது. லாபப் பங்கீட்டில் பொது நன்மைக்கென ஓர் இனம் வேண்டும் என்ற கருத்து நம் இயக்கத்தோடு பிறந்தது. இன்று பல சங்கங்களின் துணை விதிகளிலும் பொது நல நிதி என்னும் இனம் இருக்கின்றது. அது எவ்வாறு செலவாகின்றது என்பதை அங்கத்தினர் கேட்டதுண்டா? வரவேற்பு வளைவுக்கும் பொன்னாடைக்கும் போகும் தொகையில் ஒரு பகுதி இந்த அறைக்கு வந்தால் போதும். நட்டத்தில் நடக்கும் சங்கத்துக்கு இது பொருந்தாது என்பதை நாம் அறிவோம். அங்கே ஒரு திண்ணையும் ஒரு விளக்கும் ஒரு நாளிதழும் கொண்டு தொடங்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லி வைக்கின்றோம். படிப்பறை என்று திறந்த இடங்கள் சில ஆண்டுகளில் நூல் பொதி அடுக்கும் கிடங்காகவும், உர மூட்டை வைக்கும் அறையாகவும் மாறியதை நாம் கண்டிருக்கின்றோம். அலமாரி நூல்களுக்கு எலி மட்டுமே வாசகர். பொதிக்கு இடமில்லை என்றால் கிடங்கைப் பெரிதாக்குவதே முறை. முதியவரை வெளியேற்றுவது முறையன்று. மற்றொன்று: முதியவர் வருகின்றார்கள் என்பதற்காக அவர்களிடம் கூலியில்லா வேலை வாங்கக் கூடாது. அஞ்சல் உறை ஒட்டுவதற்கும், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்கும், தேர்தல் காலத்தில் ஒரு சாராருக்குத் துணை நிற்பதற்கும் அந்த அறை ஏற்பட்டதன்று. அங்கே எந்தக் கட்சிப் பேச்சும் கோஷ்டிப் பேச்சும் நுழைந்தால் ஒரு மாதத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

இந்த அறை முதியவருக்கு மட்டும் உரியது என்று பலகை மாட்டுவதையும் நாம் விரும்பவில்லை. ஐம்பது வயதுக்காரர் வாரத்தில் ஒரு மாலை அங்கே வந்து அமரப் பழக வேண்டும். அப்போதுதான் தறி ஓய்ந்த மறுநாள் அவருக்குப் போக ஓர் இடமும், "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்க நாலு பேரும் இருப்பர். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வந்து ஆடுபுலியும், கட்டத்தாளில் கரை வரைவதும், மழை அளப்பதும் கற்கட்டும். பிள்ளை கேள்வி கேட்கும்போது முதியவர் முகத்தில் உண்டாகும் மலர்ச்சியை எந்த உதவித்தொகையும் தந்துவிட முடியாது.

அங்கத்தினர்கள் அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு இரண்டு காரியங்களைச் செய்துகொண்டு வருமாறு கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது, தம் சேமிப்புக் கணக்கு முறையாக வரவு வைக்கப்பட்டுள்ளதா என்பதைப் பாஸ் புத்தகத்தில் சரிபார்த்து வரவேண்டும். இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை மாலை நேரத்தில் திறந்து வைக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிபவர் ஒரு பெண் அங்கத்தினராக இருந்தால் மிக நன்று. தீர்மானம் நிறைவேறிய ஊர்களிலிருந்து, அறை திறந்து ஆறு மாதத்தில் எத்தனை பேர் வந்தனர், என்ன செய்தனர் என்னும் செய்தி இவ்விதழுக்கு வருமாயின், மற்றச் சங்கங்களும் அதைப் படித்துத் தொடங்கும்.